எந்த நேரத்து வெயில், எந்த மாதத்து வெயில்?

விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: முழு வெயில் தேவை, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். துளசிக்கும் அதே, கொத்தமல்லிக்கும் அதே, திருநீற்றுப்பச்சிலைக்கும் அதே. இதை நம்பிச் சித்திரை மாதத்தில் மொட்டை மாடியின் நட்டநடுவில் கொத்தமல்லி விதைத்தவர்கள், முளைத்த நாற்று சில நாளிலேயே தலை சாய்வதைப் பார்க்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களோ, பால்கனியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயில் விழவில்லையே என்று செடி வளர்க்கும் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று மணி நேரம் புதினாவுக்குப் போதும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

ஆறு மணி நேரக் கணக்கு தவறானதல்ல. அது பிறந்த ஊர் வேறு. ஐரோப்பிய, வட அமெரிக்கத் தோட்டக் கையேடுகள் நேரடி வெயில் ஆறு மணி நேரத்துக்கு மேல் விழும் இடத்தை முழு வெயில் என்றும், மூன்று முதல் ஆறு மணி நேரம் விழும் இடத்தைப் பகுதி நிழல் என்றும், அதற்கும் குறைந்ததை நிழல் என்றும் பிரிக்கின்றன. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம் நீளும். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இருக்காது. அங்கே தோட்டம் போடுகிறவரின் கவலை ஆண்டில் பாதி நாள் ஒளிப் பற்றாக்குறைதான். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசமே ஒன்றரை மணி நேரம். திறந்த வெளியில் நமக்கு ஒளிப் பஞ்சம் வருவது அபூர்வம். மொட்டை மாடியில் நாம் சமாளிக்க வேண்டியது வெப்பத்தை. பால்கனியில் தேட வேண்டியது ஒளியை. இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். வீட்டு மூலிகைகள் வீணாவதற்கு இதுதான் முதற்காரணம் என்பது என் முடிவு. இதை ஒட்டித் தாவரவியல் சொல்வதையும் நம் விவசாயிகள் காலங்காலமாகச் செய்துவருவதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

முதலில் அளவு. உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மழைமேகம் மூடிய பகலில் அது 10,000 முதல் 20,000 லக்ஸாக இறங்கும். நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் கூடத்தின் நடுவில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த நூறு மடங்கு, இருநூறு மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் மீது விழும் ஒளித்துகள்களின் மொத்த எண்ணிக்கையே அதன் வரவு. பசுமைக் குடில் வைத்திருப்பவர்கள் இந்த வரவை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் எத்தனை மோல் என்று கணக்கிடுகிறார்கள். திருநீற்றுப்பச்சிலையை வணிக நோக்கில் வளர்ப்பவர்கள் நாளுக்கு 12 முதல் 15 மோல் கிடைத்தால் நல்ல விளைச்சல் என்கிறார்கள். சென்னையில் திறந்த வெளியில், மழை நாள்களை விட்டுவிட்டால், 30 முதல் 45 மோல் வரை கொட்டுகிறது. தேவையைப் போல இரண்டு, மூன்று பங்கு.

இதையே மணிக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். பங்குனி மாதத்துத் தெளிந்த வானத்தில் காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை விழும் வெயில் மட்டுமே ஏறத்தாழ 13 மோல் தந்துவிடும். அதன் பிறகு நாள் முழுக்கச் சுவர் நிழலில் இருந்தாலும், வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம் மேலும் கொஞ்சம் சேர்க்கும். ஆக, கிழக்குப் பார்த்த பால்கனியில் மூன்று மணி நேர வெயில் இருப்பவர், கையேடு எழுதியவரின் கணக்கில் பகுதி நிழலில் இருக்கிறார். திருநீற்றுப்பச்சிலையின் கணக்கில் போதுமான இடத்தில் இருக்கிறார்.

மிச்ச வெயிலைச் செடி என்ன செய்கிறது? பெரும்பாலான மூலிகைகளின் தனி இலை ஒன்று, உச்சி வெயிலில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான் உணவாக்கப் பயன்படுத்த முடியும். அதற்கு மேல் வருவது சுமை. அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியே தள்ள இலைக்குள் தனி ஏற்பாடே இருக்கிறது. அதுவும் திணறும்போது பச்சையம் சிதைந்து இலை வெளுக்கும். முழுச் செடி என்று பார்த்தால் மேலிலை கீழிலைக்கு நிழல் தருவதால் தனி இலையைவிட அதிக ஒளியைப் பயன்படுத்தும். புதராக வளர்ந்த துளசி தாங்குவதை நாற்றுத் துளசி தாங்காததற்கு அது ஒரு காரணம். இந்தப் பொது விதிக்கு விலக்கு எலுமிச்சைப் புல். கரும்பு, சோளம் போன்ற புல்லினங்களின் வழியில் உணவு தயாரிப்பதால், உச்சி வெயிலிலும் அது நிறுத்தாமல் வேலை செய்யும். மாடியில் யாரும் நிற்க முடியாத மூலை ஒன்று இருந்தால் அதை எலுமிச்சைப் புல்லுக்குக் கொடுத்துவிடலாம்.

மூலிகையை நாம் வளர்ப்பது இலையின் மணத்துக்காக, காரத்துக்காக. அதனால், எவ்வளவு ஒளியில் செடி உயிரோடு இருக்கும் என்பதைவிட, எவ்வளவு ஒளியில் இலை நமக்கு வேண்டியபடி அமையும் என்பதே சரியான கேள்வி. திருநீற்றுப்பச்சிலையின் இலையைக் கவிழ்த்துக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், பரப்பில் சின்னச் சின்னப் பளபளப்பான புள்ளிகள் தெரியும். நான்கு செல்கள் சேர்ந்து உருவான எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. மேலே மெல்லிய உறை, அதன் அடியில் எண்ணெய். விரல் பட்டதும் உறை உடைந்து மணம் எழுகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அடர்ந்த நிழலில் வைத்த செடிகளில் வளர்ச்சியும் எண்ணெயின் அளவும் நன்றாகக் குறைந்ததைக் கண்டார்கள். எண்ணெயின் கூறுகளும் மாறின. அதிக ஒளி பெற்ற செடியில் லினலூல், யூஜினால் ஆகியவை கூடின. குறைந்த ஒளியில் மெத்தில் யூஜினால் கூடியது. யூஜினால்தான் கிராம்புக்கும் நம் துளசிக்கும் அந்தக் காரமான மணத்தைத் தருவது. சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி திருநீற்றுப்பச்சிலையில் எண்ணெயைக் கணிசமாகக் கூட்டுகிறது என்று 1999-இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கத் தளதளவென்று வளர்ந்த செடி கையில் கசக்கினால் மணக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக எல்லாவற்றையும் வெயிலில் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. சளிக்குக் கஷாயம் வைக்கிற துளசிக்குக் காரம் வேண்டும். அது வெயிலில் நிற்கட்டும். பஜ்ஜி போடுகிற ஓமவல்லிக்கு அகன்ற, மெத்தென்ற இலை வேண்டும். அது அரை நிழலில்தான் வரும். கடும் வெயிலில் வைத்த ஓமவல்லி சாகாது. இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் ஓடி, விளிம்பு உள்நோக்கிக் குவிந்துகொள்ளும். மருந்துக்கு அந்த இலையே போதும், சமையலுக்கு உதவாது. வல்லாரையும் அப்படித்தான்: துவையலுக்குப் பறிக்கும் இளம் இலை ஈர நிழலில் அகலமாகவும் மென்மையாகவும் வளரும், வெயிலில் குட்டையாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒளியை அளந்து கொடுக்கும் கலையில் நம்மிடம் இருக்கும் பெரிய பாடம் வெற்றிலைக் கொடிக்கால். மீட்டரும் மோலும் வருவதற்கு வெகுகாலம் முன்பே காவிரிப் படுகையிலும் சோழவந்தான் பக்கத்திலும் ஆத்தூர்ப் பக்கத்திலும் இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். வெற்றிலை காட்டு நிழலில் பிறந்த கொடி. நேர் வெயிலில் இலை மஞ்சளாகித் தடித்துவிடும். அதனால் கொடி நடுவதற்கு முன்பே வரிசை வரிசையாக அகத்தி விதைத்து வளர்ப்பார்கள். அகத்தியின் இலை சிறிய சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதால் அதன் நிழல் அடர்த்தியாக விழாது; சல்லடையில் சலித்த மாதிரி ஒளிப் பொட்டுகள் கொடியின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். கொடியை அகத்தித் தண்டோடு சேர்த்துக் கட்டி ஏற்றுவார்கள். அகத்தி நான்கு மீட்டர் அளவுக்கு உயர்ந்ததும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். அதற்கு மேல் போனால் காற்றுக்கு முறியும், நிழலும் கட்டுக்குள் இருக்காது. அடிப்பக்கக் கிளைகளைக் கழித்து ஆட்டுக்குப் போடுவார்கள். கோடையில் அகத்தித் தழையை விட்டுவைப்பதும், மேகம் மூடிய மழைக்காலத்தில் கழித்து ஒளியை உள்ளே விடுவதும்தான் கொடிக்கால்காரரின் கைத்திறன்.

இதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. கொடிக்கால்காரர் வெற்றிலைக்கு இவ்வளவு நிழல் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதையே கடைப்பிடிப்பதில்லை. மாதத்துக்கு மாதம் நிழலைத் திருத்துகிறார். நம் மாடித் தோட்டங்களில் இல்லாமல் போனது இந்தப் பழக்கம்தான். நிழல்வலையை ஒருமுறை இழுத்துக் கட்டினால், கோடை, மழை, பனி எல்லாவற்றுக்கும் அது அங்கேயே தொங்குகிறது. கடையில் கிடைக்கும் வலை 35, 50, 75, 90 சதவீதம் எனப் பலவகை. 50 சதவீத வலை ஒளியில் பாதியைத் தடுக்கும். சித்திரை, வைகாசியில் அது வரம். ஐப்பசி மழையில் வானமே முக்கால் பங்கு ஒளியைத் தடுத்திருக்கும்போது, அதற்கும் மேல் பாதியைத் தடுத்தால் கொத்தமல்லி வெளுத்து நீளாமல் என்ன செய்யும்? வலையைக் கம்பியில் வளையம் போட்டுத் திரைச்சீலை போலத் தள்ளிவிடும்படி அமைத்தால், அகத்தி கழிப்பதை அரை நிமிடத்தில் செய்துவிடலாம். மூலிகைக்கு 75, 90 சதவீத வலை எந்த மாதத்திலும் வேண்டியதில்லை. விற்பவர் எவ்வளவு சொன்னாலும் வாங்க வேண்டாம்.

அடுத்தது திசை. தெற்குப் பார்த்த ஜன்னலே மூலிகைக்குச் சிறந்தது என்ற அறிவுரையும் வடக்கு நாடுகளிலிருந்து வந்ததுதான். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில்தான் நிற்கும். நாம் கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆர்வலர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் குச்சி நட்டுக் காட்டும் நாள் அது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே அது வந்துவிடும். திரும்பி வருவது செப்டம்பர் தொடக்கத்தில். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது.

இதன் விளைவு பால்கனியில் நேராகத் தெரியும். தெற்குப் பால்கனியில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் சாய்ந்து வருவதால் வெயில் உள்ளே வரை பாயும். டிசம்பர் 21 அன்று சென்னையில் நண்பகல் சூரியனின் உயரம் 53 டிகிரிதான். அதே பால்கனியில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் நேரடி வெயில் ஏறக்குறையக் கிடையாது, மேலே இருக்கும் தளமே குடையாகிவிடும். வடக்குப் பால்கனி இதற்கு நேர்மாறு. பனிக்காலம் முழுக்க நிழலில் கிடந்து, கோடையில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் பெறும். தெற்குப் பால்கனியில் தையில் செழித்த துளசி ஆனியில் நெட்டையாகி, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, வெளியே தலை நீட்டிச் சாய்கிறதென்றால், உரம் குறைந்ததாலோ கண்பட்டதாலோ அல்ல. சூரியன் வடக்கே போய்விட்டது. தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் விளிம்புக்குக் கொண்டுபோகவும், முடிந்தால் வடக்குப் பக்கம் மாற்றவும் வேண்டிய நேரம் அது. கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரி ஒளி தருகின்றன. அவற்றிடையே இருக்கும் வித்தியாசம் வெப்பத்தில்.

காலை ஒன்பது மணி வெயிலும் பிற்பகல் மூன்று மணி வெயிலும் ஒளியளவில் ஏறக்குறையச் சமம். ஆனால் ஒன்பது மணிக்குக் காற்றில் ஈரம் இருக்கும், மண் இரவின் குளிர்ச்சியோடு இருக்கும், இலைத்துளைகள் திறந்திருக்கும். மூன்று மணிக்கு அதே இலை தண்ணீரைக் காக்கத் துளைகளை மூடிக்கொண்டு, உணவும் ஆக்காமல் வெப்பத்தையும் வெளியேற்ற முடியாமல் நிற்கும். ஒரே அளவு ஒளி, முன்னதில் வரவு, பின்னதில் சேதம். மூலிகைக்கு இடம் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு விதிதான் சொல்லலாம் என்றால், கிழக்கைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். மேற்கு மட்டுமே இருப்பவர்கள் எலுமிச்சைப் புல்லும் கறிவேப்பிலையும் வைத்து, அவற்றின் நிழலில் மற்றதை வைக்கலாம்.

மாடியில் இலையைவிட அதிகம் துன்பப்படுவது வேர். நிலத்தில் நட்ட செடியின் வேர் கோடையிலும் குளிர்ந்த மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும். தொட்டியில் இறங்க இடமில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்து மண் 50 டிகிரியையும் தாண்டும். பெரும்பாலான செடிகளின் வேர் 40 டிகிரிக்கு அருகிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். மண் ஈரமாகத்தான் இருக்கிறது, செடி வாடுகிறது, இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம், வேர் அழுகுகிறது. இந்த வரிசையில் கத்திரி வெயிலில் செத்த புதினாத் தொட்டிகள் ஏராளம். பழி வெயில் மீது விழுகிறது, குற்றம் தொட்டியில் இருக்கிறது. குரோ பேக் வெளிப்பக்கம் வெள்ளையாகச் செய்யப்படுவது இதனால்தான். மண் தொட்டி தன் சுவர் வழியே ஈரத்தை ஆவியாக்கித் தானே குளிர்ந்துகொள்ளும். தொட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தால், ஓரத்தில் இருப்பவை தவிர மற்றவற்றின் பக்கச் சுவர் வெயில் படாமல் தப்பும். சிமெண்டுத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடியில் காற்றோடும். இவ்வளவும் ஒளியை ஒரு துளிகூடக் குறைக்காமல் வெப்பத்தை மட்டும் குறைக்கிற வழிகள். நிழல்வலை வாங்குமுன் இவற்றைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

மாடியில் வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். பல வீடுகளில் கொத்தமல்லி நாற்றை வேகவைப்பது அதுதான். நடுப்பகலில் இலை மேல் தண்ணீர் பட்டால் துளி லென்ஸாகி இலையைச் சுட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்தார்கள். வழவழப்பான இலையில் துளி தட்டையாகப் படர்வதால் அப்படிச் சுட வாய்ப்பில்லை. மெழுகுபோன்ற முடிகள் துளியை இலைப் பரப்புக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் இலைகளில் மட்டும் தழும்பு உண்டாகலாம் என்று கண்டார்கள். ஆக, நடுப்பகலில் வாடி நிற்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தயங்க வேண்டாம். தண்ணீர் சூடாக இல்லாமல் இருந்தால் போதும்.

இனிச் செடிகள். கொத்தமல்லியைப் பற்றித்தான் அதிகம் புலம்பல் கேட்கிறது. அது குளிர்காலப் பயிர். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விதைக்கிறார்கள். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க, பனியிலும் இளவெயிலிலும் வளர்ந்து முடிக்கிறது. அந்த மாதங்களில் அதற்கு முழு வெயில் வேண்டும், நிழல் ஆகாது. பகல் நீள்வதும் சூடு ஏறுவதும் சேர்ந்தால் அது இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவெடுக்கும். அகன்ற இலை மறைந்து நூல் நூலாக இலை வரத் தொடங்கினால் பூத்தண்டு கிளம்பிவிட்டது என்று பொருள்; அதன் பின் நிழலுக்கு மாற்றிப் பயனில்லை. கோடையில் கொத்தமல்லி வேண்டும் என்பவர்கள் 50 சதவீத வலைக்குக் கீழ் நெருக்கமாக விதைத்து, சிறு இலையாக இருக்கும்போதே பிடுங்கிச் சமைத்துவிட்டு மறுபடி விதைக்க வேண்டும். விதையை இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைப்பது எல்லோரும் அறிந்ததுதான். முளைக்கும் வரை வெயில் தேவையில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முளைத்த பிறகு நிழலிலேயே விட்டுவைத்தால் இரண்டே நாளில் நூலாக நீண்டு படுத்துவிடும்.

புதினா நிழல் தாங்கும். ஓடுதண்டு விட்டுப் படரும் செடி என்பதால், தொட்டியின் ஒரு பக்கம் வெயில் பட்டால்கூட அந்தப் பக்கமாக நகர்ந்து பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதன் மணமும் ஒளியைப் பொறுத்ததே. நாள் முழுக்க நிழலில் வளர்ந்த புதினா சட்னிக்குப் பச்சை நிறம் தரும், வாசம் தராது. காலை வெயில் மூன்று மணி நேரம், மற்ற நேரம் திறந்த வானத்து வெளிச்சம், வேரில் எப்போதும் ஈரம்: இது போதும்.

துளசிக்கு வீட்டின் நடு முற்றத்தில் மாடம் கட்டினார்கள். முற்றத்துக்கு மேலே கூரை இல்லை. இன்றைய வீடுகளில் மாடம் வரவேற்பறை மூலைக்கும் பூஜை அலமாரி ஓரத்துக்கும் வந்துவிட்டது. மூன்றாவது மாதம் செடி காய்ந்ததும் வீட்டுக்கு ஆகவில்லை என்று மனம் நோகிறார்கள். நொந்துகொள்ள வேண்டியதில்லை. துளசி திறந்த வெயிலில் வாழும் செடி. வீட்டுக்குள் அதற்கு ஒளி பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. கிருஷ்ண துளசியிடம் ஒரு வசதி உண்டு. அதன் இலையின் ஊதா நிறமே ஒளிமானி போலச் செயல்படும். நல்ல வெயிலில் இலையும் தண்டும் கறுத்துத் தெரியும். நிழலில் புதுத் தளிர் பச்சையாக வரத் தொடங்கும். அப்படி வந்தால் இடம் மாற்றுங்கள். கத்திரி வெயிலில்கூட, தொட்டி பெரிதாக இருந்து காலை மாலை தண்ணீர் கிடைத்தால், வளர்ந்த துளசிக்கு நிழல்வலை தேவையில்லை. கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துத் தனக்குத் தானே நிழல் கட்டிக்கொள்ளும்.

ரோஸ்மேரியைப் பற்றி ஒரு சொல். அதை நீலகிரியில் நன்றாக வளர்க்கிறார்கள். அங்கிருந்து வாங்கிக் கீழே கொண்டுவந்தால் செத்துப்போகிறது, வெயில் தாங்கவில்லை என்கிறார்கள். மத்தியதரைக் கடலோரப் பாறைகளில் வளர்ந்த செடிக்கு வெயில் பகையாகாது. சமவெளியின் புழுக்கமும், இரவிலும் தணியாத சூடும், தொட்டியில் தேங்கும் ஈரமும்தான் அதைக் கொல்கின்றன. நிழலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

நிழல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சுவரின் நிழலில் நிற்கும் செடிக்குத் திறந்த வானத்தின் ஒளி கிடைக்கிறது. அளவு குறைவு, ஆனால் நிறங்களின் கலவை பெரிதும் கெடவில்லை. மரத்தின் நிழலில், மேலே இருக்கும் இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்கு எட்டாத தூரச் சிவப்பைக் கீழே விடுகின்றன. செடியில் இருக்கும் ஒரு நிறமி இந்தக் கலவையை உணர்ந்து, மேலே போட்டியாளர் இருக்கிறார் என்று தண்டை நீட்டச் சொல்கிறது. அதனால்தான் வேப்ப மர நிழலில் வைத்த துளசி, அதே அளவு வெளிச்சம் உள்ள சுவரோரத் துளசியைவிட நெட்டையாகிறது. வெற்றிலையும் வல்லாரையும் மரநிழலுக்குப் பழகியவை. துளசி, திருநீற்றுப்பச்சிலை வகைகளை நிழலில் வைத்தே ஆக வேண்டுமென்றால் சுவர் நிழலில் வைப்பதே நல்லது.

இடத்தின் ஒளியை அறியக் கருவி இல்லாமலும் ஒரு வழி உண்டு. நண்பகலில் செடி வைக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் எந்த மூலிகையும் வளரும். கையின் உருவம் தெரிந்து ஓரம் கலங்கினால் புதினா, ஓமவல்லி, வல்லாரை. நிழலே விழவில்லை என்றால் அங்கே மூலிகை வேண்டாம், பல்பு போட்டால் தவிர. கைபேசியின் லக்ஸ் செயலிகள் துல்லியமானவை அல்ல; இரண்டு மூலைகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். செடி காட்டும் குறிகளையும் கவனிக்க வேண்டும். நீண்ட கணு, வெளிறிய இலை, ஒருபக்கச் சாய்வு ஆகியவை ஒளிக் குறைவு. வானத்தைப் பார்த்த மேலிலையில் மட்டும் வெள்ளைத் திட்டு விழுந்தால் ஒளி மிகுதி. விளிம்பு மட்டும் கருகினால் பெரும்பாலும் வறட்சி அல்லது உப்புத் தண்ணீர். பால்கனியில் ஏசி வெளி யூனிட்டின் அனல் படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அடியிலை மஞ்சளாவதற்கு வெயிலோடு தொடர்பில்லை. சத்துக் குறைவோ தண்ணீர் மிகுதியோதான் இருக்கும்.

இடம் மாற்றுவதில் அவசரம் கூடாது. நிழலில் விரிந்த இலை மெல்லியது. வெயிலில் விரிந்த இலை தடித்தது, உணவாக்கும் செல் அடுக்குகள் கூடுதலாகக் கொண்டது. விரிந்து முடிந்த நிழல் இலை தன்னை முழுதாக வெயில் இலையாக மாற்றிக்கொள்ள முடியாது. புதிதாக வரும் இலைதான் புது இடத்துக்கு ஏற்றபடி பிறக்கும். நர்சரியில் வலைக்குக் கீழே வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே மாடி வெயிலில் வைத்தால் அது வெளுப்பதன் காரணம் இதுவே. முதலில் காலை ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று ஒரு வாரம் பத்து நாளில் பழக்க வேண்டும். இதை நன்றாக அறிந்தவர்கள் டொரோண்டோவில் கறிவேப்பிலை வளர்க்கும் நம்மவர்கள். உறைபனிக்கு முன் தொட்டியை வீட்டுக்குள் எடுக்கிறார்கள். டிசம்பரில் அங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு, நண்பகல் சூரியனே அடிவானிலிருந்து 23 டிகிரிதான் ஏறுகிறது. செடி இலை உதிர்க்கும். பயந்து தண்ணீரும் உரமும் கூட்டினால் வேர் அழுகிச் சாகும். தெற்கு ஜன்னலோரத்தில் தண்ணீரைக் குறைத்து விட்டுவைத்தால் தூங்கிப் பிழைக்கும். வசந்தத்தில் வெளியே எடுக்கும்போது முதல் வாரம் வீட்டுச் சுவரின் நிழலில் வைக்கிறார்கள். காரமடை, மேட்டுப்பாளையத் தோட்டங்களில் ஆண்டு முழுதும் சுள்ளென்ற வெயிலில் நின்று கட்டுக்கட்டாக வெட்டுப்படும் அதே கறிவேப்பிலைதான் அதுவும்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித் தோட்டத் தளையிலும், நர்சரிகள் விற்கும் ஒவ்வொரு தொட்டியிலும் மணிக் கணக்குக்குப் பதிலாக மாதமும் திசையும் எழுதப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. கொத்தமல்லி என்றால், புரட்டாசி முதல் மாசி வரை திறந்த மாடி, மற்ற மாதங்களில் வலைக்குக் கீழ். புதினா என்றால், கிழக்குப் பால்கனி, ஆண்டு முழுவதும். தெற்குப் பால்கனித் துளசி என்றால், சித்திரையில் விளிம்புக்கு நகர்த்தவும், ஆவணிக்குப் பின் உள்ளே எடுக்கலாம். ஒரு சீட்டில் நான்கு வரி அச்சிடுகிற செலவுதான். கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் நிழலில்லா நாள் இரண்டு வாரம் தள்ளி வருவதால், மாவட்டத்துக்கு ஒரு சீட்டாக அதை அச்சிட்டால் இன்னும் நல்லது.